தேய்ந்துபோன வீட்டு நீச்சல் குளம்: மறுபடி பூசுவதா, டைல் ஒட்டுவதா, பெயிண்ட் அடிப்பதா?

தக்கலைக்காரர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தக்கலைக்கு அருகே, பத்மநாபபுரம் புத்தனாறு சானலுக்கு (பாசனக் கால்வாய்) கீழ்ப்புறம் இருக்கும் எங்கள் வீட்டில் 2010-ஆம் ஆண்டு ஒரு சிறிய நீச்சல் குளம் கட்டினோம். நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர். ஆழம் ஒரு முனையில் 1.1 மீட்டரில் தொடங்கி மறுமுனையில் 1.7 மீட்டர் வரை இறங்குகிறது. கம்பி கட்டி வார்த்த கான்கிரீட் தொட்டிக்குள் வெள்ளை சிமெண்டும் மார்பிள் தூளும் கலந்து பூசியிருந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் சுவர்களுக்கு மட்டும் நீல பெயிண்ட் அடித்தோம். அது எந்த வகை என்பது அடித்தவருக்கே இப்போது நினைவில்லை.

தரை இப்போது உப்புத்தாள் போலச் சொரசொரப்பாகிவிட்டது. பிள்ளைகளின் பாதமும் முழங்காலும் உராய்ந்து சிவந்துவிடுகின்றன. இரண்டாவது படியில் வட்ட வட்டமாகச் சிறு குழிகள் விழுந்திருக்கின்றன. ஆழமான பக்கத்தில் பழுப்புக் கறை படிந்திருக்கிறது, ஒரு மூலையில் துரு வழிந்த கோடும் தெரிகிறது. சுவரில் பெயிண்ட் செதில் செதிலாக உரிகிறது. நீர்மட்டம் வழக்கத்துக்கு மேல் இறங்கவில்லை என்பதால் கசிவு இல்லை என்றே நினைக்கிறேன்.

பார்க்க வந்த மூன்று ஒப்பந்தக்காரர்களும் மூன்று விதமாகச் சொன்னார்கள். எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு எப்பாக்ஸி பெயிண்ட் அடிக்கலாம் என்றார் ஒருவர். பழைய பூச்சின் மேலேயே கண்ணாடி மொசைக் டைல் ஒட்டலாம் என்றார் இன்னொருவர். பழையதைக் கொத்தி எடுத்துவிட்டு மீண்டும் அதே பூச்சைப் பூசச் சொல்பவர் மூன்றாமவர். டைலுக்குச் சொன்ன தொகை பெயிண்டுக்குச் சொன்னதைப் போல நான்கு மடங்குக்கும் மேல் வருகிறது. ஏப்ரல் விடுமுறையில் வளைகுடாவிலிருந்து தம்பி குடும்பம் வருவதால் அதற்குள் முடிக்க விரும்புகிறேன். பொங்கல் கழிந்ததும் தண்ணீரை இறைத்துவிட்டு ஒரு மாதம் வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும், அப்போதுதான் வேலை பிடிக்கும் என்றும் ஒரு யோசனை வந்திருக்கிறது. குளத்துக்கு வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையே நிரப்புகிறோம், குளோரினுக்கு டி.சி.சி.ஏ. மாத்திரையை மிதவையில் வைக்கிறோம். நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் எது தாங்கும்?

கட்டடப் பொறியாளர், நாகர்கோவில்

பூச்சா டைலா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பொங்கல் கழிந்ததும் இறைத்துவிடும் யோசனையை மட்டும் தயவுசெய்து ஏற்காதீர்கள். உங்கள் சானலுக்குத் தண்ணீர் தரும் கோதையாறு பாசனத் திட்டத்தில் வழக்கமாக ஜூன் 1 முதல் பிப்ரவரி 28 வரை அணைத் தண்ணீர் திறந்துவிடப்படுகிறது. வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்ந்தாலும், சானலில் தண்ணீர் ஓடும் வரை அதன் கீழ்ப்புறத்து நிலத்தில் ஊற்று குறையாது. அந்த நேரத்தில் குளத்தைக் காலி செய்தால், வெளியே மண்ணில் நிற்கும் நீர் தொட்டியைக் கீழிருந்து மேலே தள்ளும்.

உங்கள் அளவுகளை வைத்தே கணக்கிட்டுப் பார்க்கலாம். சுவரும் தரையும் 20 சென்டிமீட்டர் கனம் என்று கொண்டால், வெறும் தொட்டியின் எடை ஏறத்தாழ 36 டன். அடிப்பரப்பு ஏறத்தாழ 37 சதுர மீட்டர். நிலத்தடி நீர் அடித்தளத்தின் அடிமட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயர்ந்து நின்றால், மேல்நோக்கித் தள்ளும் விசை 37 டன். அதாவது, பக்கவாட்டு மண்ணின் பிடிப்பை நம்பியே தொட்டி நிற்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. நிரம்பியிருக்கும்போது உள்ளே இருக்கும் 45 டன் தண்ணீர்தான் அதை அமுக்கி வைத்திருக்கிறது. தொட்டி முழுதாக மிதக்காவிட்டாலும் ஒரு முனை இரண்டு விரல் உயர்ந்தால் போதும், குழாய் இணைப்புகள் அறுந்துவிடும். அதன்பின் எந்தப் பூச்சைப் பற்றியும் பேசிப் பயனில்லை.

ஆகவே சானல் அடைத்த பிறகு, மார்ச் முதல் வாரத்தில், குளத்தின் ஆழமான முனைக்கு ஒட்டி வெளியே மண்ணில் இரண்டரை மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, பக்கங்களில் ஓட்டை போட்ட பி.வி.சி. குழாய் ஒன்றை இறக்கி வையுங்கள். கிணற்று மட்டத்தை மட்டும் நம்ப வேண்டாம். சரிவான நிலத்தில் சானல் கசிவு கிணற்றைவிட மேலேயே நிற்கக்கூடும். குழாய்க்குள் தெரியும் நீர், குளத்து அடித்தளத்துக்கு அரை மீட்டராவது கீழே இருந்தால் இறைக்கத் தொடங்கலாம். தரை வடிகால் குழிக்குள் நீரழுத்தத்தை விடுவிக்கும் வால்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய குளங்களில் பல இடங்களில் அது இருக்காது, இருந்தாலும் அடைத்துக் கிடக்கும். கோடை மழை ஏப்ரலிலேயே தொடங்கிவிடும் என்பதால் உங்களுக்குக் கிடைக்கும் இடைவெளி மார்ச் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரைதான்.

காயவிடும் யோசனையும் எனக்கு உடன்பாடில்லை. எப்பாக்ஸி பெயிண்டுக்கு மட்டுமே தளம் உலர்ந்திருக்க வேண்டும். பல ஆண்டுகள் நீருக்குள் இருந்த பூச்சை ஒரு மாதம் வெயிலில் போட்டால், அது சுருங்கி, நன்றாக ஒட்டியிருந்த இடங்களும் கான்கிரீட்டிலிருந்து விட்டுக்கொள்ளும். இறைப்பதற்கும் வேலை தொடங்குவதற்கும் இடையே எத்தனை நாள் குறைகிறதோ அத்தனை நல்லது.

இறைத்ததும் சிறிய சுத்தியலால் தரை, சுவர் முழுவதையும் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்கும் இடம் நன்றாக ஒட்டியிருக்கிறது. டொக்கென்று கேட்கும் இடத்தை அது முடியும் எல்லை வரை வெட்டி எடுத்தே ஆக வேண்டும். பழைய பூச்சின் மேலேயே டைல் ஒட்டலாம் என்றவர் இந்தச் சோதனையைச் செய்தாரா? டைல் எவ்வளவு நல்ல பசையால் ஒட்டப்பட்டாலும், அதற்கு அடியிலுள்ள பூச்சு பிடித்திருக்கும் அளவுக்குத்தான் அதுவும் பிடித்திருக்கும். பெயிண்ட் அடித்த சுவரிலோ பூச்சும் நிற்காது, டைல் பசையும் நிற்காது. பெயிண்டை முற்றிலும் அகற்ற வேண்டும்.

துரு வழியும் மூலையைக் கம்பி தெரியும் வரை கொத்தி, கம்பியின் பின்புறமும் துருவை நீக்கி, துத்தநாக பிரைமர் பூசி, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். அதற்குக் கழுவிய எம் சாண்ட் மட்டுமே போதும். கடற்கரை மணலைக் கலந்தால் அதிலுள்ள உப்பு அடுத்த கம்பியைத் தின்னத் தொடங்கிவிடும்.

செலவு தாங்கும் என்றால் என் முதல் தேர்வு டைல். பூச்சு பொதுவாகப் பத்தாண்டுகளை ஒட்டியும், எப்பாக்ஸி அதைவிடக் குறைவாகவும்தான் நிற்கும்; எப்பாக்ஸி நம் வெயிலில் விரைவில் வெளிறி, தடவினால் கையில் தூளாக ஒட்டும். டைல் இவற்றைவிட நெடுநாள் நிற்கும். ஆனால் சாதாரண சிமெண்ட் பாலில் ஒட்டக் கூடாது. நீருக்குள் தாங்கும் பாலிமர் பசையும், இணைப்புகளுக்கு எப்பாக்ஸி கிரவுட்டும் வேண்டும். வெப்பத்தில் பசையின் மேற்பரப்பு சீக்கிரம் தோல் கட்டிவிடுவதால், பரப்பிய பின் அரை மணி நேரமாவது ஒட்டும் தன்மை நீடிக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

குளப் பராமரிப்பாளர், மார்த்தாண்டம்

பொறியாளர் ஐயா சொன்ன நிலத்தடி நீர் விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. டைல்தான் முதல் தேர்வு என்பதில் மட்டும் சற்று வேறுபடுகிறேன். உங்கள் குளத்துப் பூச்சை வெயில் தின்னவில்லை, தண்ணீர் தின்றிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எதைப் பூசினாலும் திரும்பவும் இதே இடத்துக்குத்தான் வருவீர்கள்.

கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் வெட்டுக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் மிக மென்மையானது, சற்று அமிலத்தன்மையும் உடையது. சோப்பு நன்றாக நுரைக்கிறது என்று நாம் மகிழும் தண்ணீர்தான் அது. சுண்ணச் சத்து இல்லாத நீர், தனக்கு வேண்டிய சுண்ணத்தைப் பூச்சிலிருந்தே கரைத்து எடுத்துக்கொள்ளும். சிமெண்ட் கரைந்து போக, மார்பிள் துகள்கள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்பதுதான் உங்கள் பிள்ளைகளின் காலில் உராயும் சொரசொரப்பு.

இதோடு மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பருவமழையும் கிடைக்கும் நம் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது; உங்கள் குளத்தின் சராசரி ஆழமும் 1.4 மீட்டர்தான். அதாவது, ஒரு குளம் நிறையும் அளவு மழைநீர் ஒவ்வோர் ஆண்டும் அதில் விழுகிறது. நிரம்பி வழியும்போதெல்லாம் கொஞ்சநஞ்சம் இருந்த சுண்ணமும் வெளியே போய்விடுகிறது.

மூன்றாவது காரணம் அந்த மாத்திரை. டி.சி.சி.ஏ. கரையும்போது அதைச் சுற்றியுள்ள நீரின் பி.எச். (அமில-கார அளவு) 3-ஐ ஒட்டி இறங்கிவிடும். பம்பு ஓடாத நேரத்தில் மிதவை காற்றுக்கு ஒதுங்கிப் படிக்கட்டு மூலையில் நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இரண்டாவது படியில் இருக்கும் வட்டக் குழிகள், மிதவையிலிருந்து விழுந்த மாத்திரைத் துண்டுகள் கிடந்து கரைந்த இடங்களாகத்தான் இருக்க வேண்டும். குழியின் அளவையும் மாத்திரையின் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

புதுப் பூச்சுக்குப் பின் பி.எச். 7.2 முதல் 7.6 வரையும், காரத்தன்மை 80 முதல் 120 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரையும், கால்சியம் கடினத்தன்மை 200-க்குக் குறையாமலும் இருக்க வேண்டும். 400 வரை ஏற்றலாம் என்று புத்தகங்களில் இருக்கும்; அவ்வளவு நமக்குத் தேவையில்லை. நீர் சுண்ணத்தைக் கரைக்குமா, படியவைக்குமா என்று காட்ட 1936-இல் லாங்கிலியர் வகுத்த குறியீட்டின்படி, நீர் சூடாக இருக்கும்போது சுண்ணம் கரைவது குறைந்து படிவது கூடும். வெயில் பூச்சைக் கரைக்கிறது என்பதே தலைகீழான பேச்சு. 30 டிகிரி நீரில் 200 முதல் 250 வரை இருந்தால் போதும். உங்கள் 45,000 லிட்டரில் கடினத்தன்மையை 100 பி.பி.எம். உயர்த்த, செதில் வடிவ கால்சியம் குளோரைடு ஏறத்தாழ ஆறரைக் கிலோ வேண்டும். காரத்தன்மையை 40 பி.பி.எம். உயர்த்தச் சோடா உப்பு மூன்று கிலோ. கால்சியம் குளோரைடு கரையும்போது வாளியே சுடும். தண்ணீரில்தான் அதைக் கொட்ட வேண்டும், அதன்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. சோடா உப்பையும் அதையும் ஒரே நாளில் போட்டால் குளம் பால் நிறமாகிவிடும். ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள்.

பழுப்புக் கறைக்கு ஒரு எளிய சோதனை உண்டு. மருந்துக் கடையில் கிடைக்கும் வைட்டமின் சி மாத்திரையைக் கறையின் மேல் அரை நிமிடம் அழுத்தித் தேயுங்கள். அந்த இடம் வெளுத்தால் அது கிணற்று நீரில் உள்ள இரும்பு. வெளுக்காமல் குளோரினுக்கு வெளுத்தால் தென்னை மடலோ இலைச் சருகோ ஊறிய கறை. இரும்பு என்றால், அதே கிணற்று நீரைப் புதிய வெள்ளைப் பூச்சில் நிரப்பும் முதல் நாளே கறை பிடித்துவிடும். நிரப்பத் தொடங்கும்போதே இரும்பைக் கட்டிவைக்கும் மருந்தைச் சேர்க்க வேண்டும்.

தண்ணீரை இப்படிப் பேணினால் பூச்சே போதுமானது, செலவும் கட்டுப்படும்.

தோவாளைவாசி

இருவரும் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். பூச்சு நிலைப்பதும் நிலைக்காததும் பெரும்பாலும் பூசும் அந்த ஒரு நாளில் தீர்மானமாகிவிடுகிறது.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்பதை முப்பந்தலில் சுற்றும் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் குளத்துக்குப் பூச வந்த ஒப்பந்தக்காரர், ஆட்கள் வந்து சேர்ந்து காலை பத்து மணிக்குத்தான் கலவையைத் தொட்டார். நிழலுக்கு ஒன்றும் கட்டவில்லை. பிற்பகலில் ஆழமான பக்கத்தில் கரணை ஓடும்போது மேற்பரப்பு இழுபடத் தொடங்கியது. உடனே ஒருவர் தண்ணீரைத் தெளித்தார், இன்னொருவர் அதன்மேல் வறட்டு வெள்ளை சிமெண்டைத் தூவி வழவழவென்று தேய்த்தார். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. மாலையில் சாய்வெயில் பட்டபோது, தரை முழுவதும் மயிரிழை வெடிப்புகள் வலை வலையாகத் தெரிந்தன. சிமெண்ட் தூவிய இடங்களெல்லாம் அடுத்த மழைக்காலத்துக்குள் சாம்பல் திட்டுகளாகி ஏடு ஏடாக உரிந்துவிட்டன.

கான்கிரீட் நூல்கள் இதற்கு ஒரு வரம்பு சொல்கின்றன: ஒரு சதுர மீட்டரிலிருந்து மணிக்கு ஒரு கிலோ நீர் ஆவியாகும் நிலை வந்தால், இறுகும் முன்பே வெடிப்பு விழும் ஆபத்து இருக்கிறது. வெயிலைவிடக் காற்றுதான் இந்த வரம்பை எளிதில் தாண்ட வைக்கிறது. தக்கலையில் காற்று எங்கள் அளவுக்கு இல்லை என்றாலும் பங்குனி வெயில் எல்லாருக்கும் ஒன்றுதான்.

மறுமுறை வேறோர் ஆளிடம் கொடுத்தபோது, குளத்தின் மேல் பச்சை வலைப் பந்தலும், காற்று வரும் பக்கம் தார்ப்பாயும் முந்தின நாளே கட்டிவிட்டோம். விடிவதற்கு முன் விளக்கு வெளிச்சத்தில் கலவை தொடங்கியது. சிமெண்ட் மூட்டை நிழலில் இருந்தது. கலவைத் தண்ணீர் இருந்த பீப்பாயைச் சின்னமுட்டத்திலிருந்து மீனுக்கு வாங்கும் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்திருந்தோம் (ஐஸ் கலவைக்குள் போகவில்லை, அதில் என்ன உப்பு இருக்கிறதோ). சீக்கிரம் இறுகுவதற்கான எந்த மருந்தும் சேர்க்கக் கூடாது என்று எழுதி வாங்கியிருந்தோம். வெயில் ஏறும் முன் தரை முடிந்துவிட்டது. அந்தப் பூச்சில் இன்றுவரை ஒரு வெடிப்பும் இல்லை.

எனவே ஒப்பந்தக்காரரிடம் விலையைக் கேட்பதற்கு முன், எத்தனை மணிக்குத் தொடங்குவார், ஒரே நாளில் முடிக்க எத்தனை கொத்தனார்கள் வருவார்கள் என்று கேளுங்கள்.

தக்கலைக்காரர்

மூவருக்கும் மிக்க நன்றி. சானல் அடைத்த பின் குழாய் இறக்கிப் பார்த்தேன். மார்ச் முதல் வாரத்தில் குளத்து அடித்தளத்துக்குச் சற்றே கீழே நின்ற நீர், பத்து நாளில் அரை மீட்டருக்கும் கீழே இறங்கிவிட்டது. அதன் பிறகுதான் இறைத்தேன். வடிகால் குழியில் வால்வு இல்லை. தட்டிப் பார்த்ததில் சுவர்கள் பெரும்பாலும் கணீரென்றும், தரையில் ஆழமான பக்கம் பாதியளவு டொக்கென்றும் கேட்கிறது. கறை வைட்டமின் சி மாத்திரைக்கு வெளுத்துவிட்டது.

சுவர் பெயிண்டைக் கொத்தனார் தின்னர் தோய்த்த துணியால் துடைத்தபோது நிறம் துணியோடு வந்துவிட்டது. செலவைக் கருதி, நீர்மட்டம் தொடும் ஓரத்தில் மட்டும் ஒரு வரிசை டைலும், மற்ற இடமெல்லாம் வெள்ளைப் பூச்சும் என்று முடிவு செய்திருக்கிறேன். இரண்டு சந்தேகங்கள் மீதம். கிணறு ஒரே மூச்சில் 45,000 லிட்டர் தராது; இரண்டு மூன்று நாளாகச் சிறிது சிறிதாக நிரப்பலாமா? பிள்ளைகள் எப்போது இறங்கலாம்?

கட்டடப் பொறியாளர், நாகர்கோவில்

தின்னரில் நெகிழ்ந்து வந்தால் அது பெரும்பாலும் குளோரினேட்டட் ரப்பர் வகை. அதன்மேல் எப்பாக்ஸி அடித்திருந்தால் அடியிலுள்ள பெயிண்டை நெகிழச் செய்து கொப்புளித்திருக்கும். அந்த வழியை நீங்கள் தவிர்த்தது நல்லதே. சுவரை உயரழுத்த நீரால் அடித்துச் சுரண்டி எடுத்து, கொத்துளியால் லேசாகப் பொளிந்துவிட்டு, பிடிப்புக்கான பாலிமர் பூச்சு கொடுத்த பின் வெள்ளைப் பூச்சு வரட்டும். ஓர டைல் முதலில், பூச்சு அதன் அடிவிளிம்பு வரை பிறகு. வடிகால் குழியைத் திறந்து வைத்திருக்கும் இந்த நேரத்தில் அந்த வால்வையும் பொருத்திவிடுங்கள். பின்னால் நினைத்தாலும் முடியாது.

நிரப்புவதில் பூச்சுக்கும் டைலுக்கும் நேர் எதிரான வழக்கம். டைல் குளத்தை ஒரு நாளில் முக்கால் மீட்டருக்கு மேல் ஏற்றக் கூடாது. பூச்சுக் குளத்தையோ, பூசிய அன்று மாலையோ மறுநாள் காலையோ தொடங்கிவிட்டால், ஓர டைலின் நடுவரை ஏறும் வரை நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் அந்த மட்டத்தில் சுற்றிலும் ஒரு வளையம் விழும், அது அழியாது. ஆகவே லாரித் தண்ணீரை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். 12,000 லிட்டர் வண்டி என்றால் நான்கு நடை வேண்டும். லாரிக் குழாயை நேராகக் குளத்துக்குள் விடாமல், மேலே ஒரு தொட்டியில் இறக்கி, அங்கிருந்து சிறிய குழாயால் விடுங்கள். குழாயின் முனையில் சாக்குத் துணியைச் சுற்றி, ஆழமான பக்கத்தில் கிடத்துங்கள். இல்லாவிட்டால் நீர் விழும் இடம் குழிந்துவிடும். மின்தடை அறிவித்த நாளாக அது இருந்துவிடவும் கூடாது.

குளப் பராமரிப்பாளர், மார்த்தாண்டம்

லாரித் தண்ணீரையும் கடினத்தன்மை பார்த்தே வாங்குங்கள். கடலோரத்துக் கிணற்று நீர் என்றால் உப்பு இருக்கும். உங்கள் கிணற்று நீரைக் கலப்பதாயிருந்தால் இரும்புக்கான மருந்து முதல் நடையிலேயே போக வேண்டும்.

நிரம்பியதும் பம்பை மூன்று நாள் இரவும் பகலும் ஓடவிட்டு, அந்த மூன்று நாளும் குளோரின் போடாதீர்கள். புதுப் பூச்சிலிருந்து சுண்ணம் வெளியேறி பி.எச். ஏறிக்கொண்டே இருக்கும், தினமும் பார்த்து, அமிலத்தைச் சிறிது சிறிதாக நீரில் கரைத்து ஊற்றிக் கட்டுப்படுத்துங்கள். முதல் இரண்டு வாரம் காலையும் மாலையும் நைலான் பிரஷ்ஷால் தரை, சுவர் முழுவதையும் தேய்க்க வேண்டும். கம்பிப் பிரஷ் வேண்டாம். வெண்மாவு எழும்பும், பில்டர் அடைக்கும், பின்னோட்டம் விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள். மாவு எழும்புவது நின்று, பி.எச்.சும் குளோரினும் சீராக நின்ற பிறகு பிள்ளைகளை இறக்கலாம். மார்ச் இறுதிக்குள் பூசிவிட்டால் ஏப்ரல் நடுவில் தாராளமாக முடியும். மாத்திரை மிதவையை மட்டும் ஒரு மாதத்துக்குக் குளத்துக்குள் விடாதீர்கள். அதுவரை திரவ குளோரினை மாலையில், வெயில் தாழ்ந்த பின், பம்பு ஓடும்போது ஊற்றினால் போதும்.